சமையலறைக்குத் திரும்பாத கரண்டி

நீ செய்த கரண்டியை என் மனைவி மாங்காய் ஊறுகாய் ஜாடிக்குள் போட்டு வைத்திருந்தாள். நீண்ட காம்பு, ஓரம் தீட்டிய சின்னத் தலை. ஜாடியின் அடிவரை எட்டுகிறது என்று அவளுக்கு அதன்மேல் பிரியம். நல்ல வேளை, அதுவரை அது எந்த ஆட்டின் தலைக்குள்ளும் போனதில்லை. வடக்குப்பட்டிலிருந்து போன் வந்த காலையில் வீடெல்லாம் தேடி அதைக் கண்டெடுத்தேன். கழுவும்போது கடுகும் நல்லெண்ணெயும் மணத்தன. எனக்கு நினைவு வந்ததென்னவோ தீயில் வாட்டிய ஆட்டுத்தலையின் நாற்றம்தான்.

பிள்ளைப்பாக்கத்துச் செம்மறியை நீ மறந்திருக்க மாட்டாய். நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து மருந்தகங்களில் கால்நடை மருத்துவர்களாக இருந்த காலம். கம்பெனி மதிலில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கத்து மயிரையே இழந்திருந்தது அது. காய்ச்சல் இல்லை. தோலைச் சுரண்டிப் பார்த்தோம், சொறிப் பூச்சியும் இல்லை. நீ அதன் இடுப்பில் விரலால் சொறிந்தாய். உடனே அது தலையைத் தூக்கி, உதடு துடிக்க, காற்றை மென்றது. "ஸ்க்ரேப்பியா இருக்குமாடா?" என்று மெதுவாகக் கேட்டாய். நம் பக்கத்தில் பார்த்ததாக யாரும் சொல்லாத நோய். மடிப்புத் தவறிய ஒரு புரதம் மூளையைச் சல்லடையாக்கும் நோய். ரத்தத்தில் தேடிப் பயனில்லை. செத்த பிறகு மூளை தண்டுவடத்தோடு சேருமிடத்தில் ஒரு சிறு துண்டை, சிதையாமல் எடுத்துப் பார்த்தால்தான் உறுதி.

ஆட்டுக்காரர் அதற்குள் அதைக் கறிக்கடைக்கு விற்றுவிட்டார். கடைக்காரரிடம் ஓடி, தலையை மட்டும் எடுத்து வைக்கச் சொன்னோம். எதற்கென்று சொல்லவில்லை. டாக்டர்கள் தலை கேட்டால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மறுநாள் அவர் பெருமையோடு வாழையிலைப் பொட்டலத்தை நீட்டினார்.

"சாருக்குன்னு பக்குவமா வாட்டி, ஒடைச்சி, மூளைய தனியா எடுத்து வெச்சிக்கீறேன். மெளகு மட்டும் தூக்கலா போடச் சொல்லுங்க வூட்ல."

நம் கையில் மாதிரி போட பார்மலின் புட்டி. நீதான் முதலில் சிரித்தாய். வாட்டி உடைத்த மூளை சோதனைக்கு ஆகாது.

கூட்டத்தில் நம் மேலதிகாரி கேட்டாரே, "மூளைய துன்னுட்டு வந்து ரிப்போர்ட் வேற எழுதுறீங்களா?" என்று. அத்தனை பேரும் சிரித்தார்கள். யார் யார் என்று இன்றும் என்னால் பெயர் சொல்ல முடியும். அவர் கோப்பில் 'சொறி' என்று எழுதி மூடினார். உன்னைத் தூரமாக மாற்றினார். உன் சாவுக்கு மாலையோடு வந்தவர்களில் அவரும் உண்டு. நான் கும்பிடவில்லை. இனியும் மாட்டேன்.

மாற்றலாகிப் போவதற்கு முன் ஒரகடத்து லேத் பட்டறையில் நின்று மூளைத்துண்டை முழுசாக எடுக்க இந்தக் கரண்டியைத் தீட்டி வாங்கி என்னிடம் கொடுத்தாய். "இனிமே தலையக் கேக்காதடா. ஆட்டையே கேளு" என்றாய்.

கேட்டேன். இத்தனை வருடம் கழித்து, போன் வந்த அன்று. வடக்குப்பட்டில் கன்னியம்மாளின் செம்மறி, கம்பெனி முள்வேலியெல்லாம் தன் மயிரைத் தொங்கவிட்டிருந்தது. "நல்லாத்தான் துன்னுது சார், ஒடம்பு மட்டும் வத்திக்கினே போவுது" என்றாள். பின்னங்கால்கள் தள்ளாடின. இடுப்பைச் சொறிந்தேன். காற்றை மென்றது. ஞாயிற்றுக்கிழமை வெட்டுக்கு அதைப் பேசி முடித்திருந்தாள்.

"கறிக்குப் போகக் கூடாதும்மா. முழு ஆட்டையும் எனக்குக் குடுங்க."

"இத்தினியூண்டு மூளைக்கு முழு ஆடா? கவருமென்ட்டுக்கு அவ்ளோ பசியா சார்?"

எதற்கென்று இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்து கேட்டாள். கடைசியில், தொழுவத்தில் நின்ற மற்ற ஆடுகளைப் பார்த்துக்கொண்டே, "போன தபா ஒரு டாக்டரு ரத்தம் எடுத்துக்கினு போனாரு. இன்னா ஏதுன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லல. நீ வந்து சொல்லுவியா?" என்றாள்.

"நானே வந்து சொல்றேன்."

ஊசி போட்டு அதை உறங்கவைத்தேன். தலையை அறுத்தெடுத்து, தண்டுவடம் நுழையும் பிடரித் துளை வழியே உன் கரண்டியை எலும்போடு ஒட்டிச் சுழற்றினேன். சோதனைக்கு வேண்டிய சிறு பள்ளத்தோடு அந்தத் துண்டு முழுசாக வந்தது, உடையாமல், நசுங்காமல். பாதி பார்மலினில், பாதி பனிக்கட்டியில். பக்கத்து மனையில் கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டிய ஜேசிபி ஓட்டுநர் ஆட்டைப் புதைக்க ஆழமாக ஒரு குழி போட்டுக் கொடுத்தார். இப்போதைய மேலதிகாரியும் "தேவையில்லாத வேலை" என்றுதான் சொன்னார். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் அவரிடம் சொன்னேன்.

பதில் போன வாரம் வந்தது. மாதிரி நல்ல நிலையில் கிடைத்தது, ஸ்க்ரேப்பி தென்படவில்லை. வேறு காரணத்தை இன்னும் தேடுகிறார்கள். ஏமாற்றம் இல்லையென்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நம் பழைய மேலதிகாரியின் முகத்தில் எறிய ஒரு 'ஆம்' வேண்டுமென்று இத்தனை வருடம் காத்திருந்தேன். ஆனால் அவர் எழுதியது பார்க்காமல் எழுதிய 'இல்லை'. இது நீயும் நானும் பார்த்துச் சொன்ன 'இல்லை'.

கன்னியம்மாளிடம் நேரில் போய்ச் சொன்னேன். "அப்போ மத்ததுங்க தப்பிச்சிச்சா?" என்றாள்.

"இந்த ஆட்டுல அது இல்ல. மத்ததை நான் வந்து வந்து பாத்துக்கினே இருப்பேன்."

"சொன்னபடி வந்துட்டியே. ஒக்காரு, மோர் தரேன்."

அந்தப் புரதம் கொதிக்க வைத்தாலும் அழியாது, அது பட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்த கருவியைக்கூட நாம் நம்புவதில்லையே. கரண்டியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப்போட்டுக் கழுவி, தனி டப்பாவில் பூட்டி வண்டியில் வைத்திருக்கிறேன். ஊறுகாய்க்கு வேறு கரண்டி வாங்கிக்கொள் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். சேரப்பணஞ்சேரியில் ஒரு வெள்ளாடு சுவரில் உரசுகிறதாம். நாளைக் காலை போகிறேன். ஆட்டையே கேட்பேன்.