அப்பாவை டீ குடிக்க அழைத்தேன்

வியாழன், இரவு

மூளையில் ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்கள் அனுப்பும் ‘பிழைத்திரு’ என்ற சேதியை நம்பித்தான் வாழ்கிறதாம். சேதி வராவிட்டால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளுமாம். அப்பாவுக்கு வந்திருக்கும் அல்சைமர் நோயில் அந்தச் சேதி சரியாகப் போய்ச் சேர்வதில்லை என்று இன்று நூலகத்தில் படித்தேன். உடனே அப்பாவிடம் நிறையப் பேச வேண்டும் போலிருந்தது.

மாலையில் பள்ளிக் கதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

“இருட்டிக்கினு வருது. ஊட்டுக்குப் போ கண்ணு, ஒங்கப்பா தேடுவாரு. இரு, நானே கொண்டாந்து வுடறேன்.”

மறுத்துச் சொன்னால் பயந்துவிடுவார். கூடவே நடந்தேன்.

“ஒங்கப்பா கோவக்காரரா?”

“இல்லீங்க, கொஞ்சம் மறதி.”

“எனுக்கும்தான்!” என்று சிரித்தார்.

பருத்திப்பட்டு ஏரிவரை போய், எங்கள் வாசலுக்கே கூட்டி வந்தேன்.

“இதாங்க எங்க வீடு.”

“நல்லா கீது” என்று திரும்பி நடக்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க.”

கூச்சத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அம்மா வேலை முடிந்து வந்ததும் எழுந்து நின்றார்.

“பொண்ண பத்திரமா கொண்டாந்து வுட்டேம்மா” என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கிளாஸைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.