கம்பெனி காட்டிய கயாக்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

ஆரணியில் உங்கள் அக்கா வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறீர்களா? கை வலிக்கிறதா என்று நான் கேட்கமாட்டேன்.

போன ஞாயிறு கம்பெனியில் எங்களைப் பழவேற்காடு ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். உங்கள் விரல்களை நசுக்கிய பிரஸ் மெஷினுக்கு இன்னும் தடுப்பு போடவில்லை. எங்கள் மன அழுத்தம் குறைய கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகை ஓட்ட வேண்டுமாம். தோள் வலுவாகும், மூச்சு சீராகும், தூக்கம் வரும் என்று ஒருவர் மைக்கில் அடுக்கினார்.

ஹெச்.ஆர். மேடம் என்னிடம் வந்து, "அடுத்த தடவை உன் ஹஸ்பெண்டையும் கூட்டிட்டு வா. அந்தக் கையோட அவர் துடுப்பு போடுற மாதிரி போட்டோ எடுத்தா எல்லாருக்கும் தன்னம்பிக்கையா இருக்கும்" என்றார்.



"மொதல்ல அந்த மெஷினாண்ட போயி போட்டோ எடுங்க மேடம்" என்றேன்.

"இன்னாத்துக்குடி பேஜாரு, கம்முனு இரு" என்று என்னோடு வேலை செய்யும் சோனியா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் கயாக்கில் ஏறித் தனியாக வெகுதூரம் போனேன். மைக்கில் சொன்னது பொய்யில்லை. நெஞ்சு லேசாகி, அன்றிரவு அசந்து தூங்கினேன். அந்த நல்ல தூக்கத்தை அவர்கள் கையிலிருந்து வாங்கினேனே என்றுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

மறுநாளே தொழிற்சாலை ஆய்வாளரிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். சோனியாவும் வந்து கையெழுத்துப் போட்டாள். நேற்று அவர் வந்து மெஷினை நிறுத்திவிட்டார். என்னையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

கை ஆறியதும் வாருங்கள், ஏரிக்குப் போவோம். துடுப்பை நான் போடுகிறேன்.

உங்கள் மனைவி