திரும்பி வரும் வழி

மைனி,

காலையில் உங்கள் மகள் அருவியில் குளித்துவிட்டு வந்து, ஈரச் சேலையை முற்றத்தில் பிழிந்தாள். நல்லெண்ணெயும் மலைத்தண்ணீரும் கலந்த அந்த வாசனை வீடெல்லாம் பரவியது. உலக யுத்தம் முடிந்து வந்திருக்கும் முதல் சாரல் இது. நீங்கள் போய் ஏழு சாரல் ஆகிவிட்டது.

நான் வெள்ளைச் சேலையோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பிய வருஷம், என்னை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனவர், அண்ணன் பெண்டாட்டியான நீங்கள் ஒருவர்தான். ஆனி பிறந்தால் விடியும்போதே இருவரும் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு நடப்போம். மாவு சலிப்பதுபோலச் சாரல் விழும். மரங்கள் பாதி தெரியும், பாதி தெரியாது. முன்னால் நீங்கள், பின்னால் நான்.

"மலையைப் பாத்து நடந்தா அருவி. மலைக்கு முதுகைக் காட்டி நடந்தா வீடு. வழி தப்புததுக்கு என்னட்டி இருக்கு?" என்பீர்கள்.

உங்களுக்கு அறுபது தாண்டிய ஒரு சாரலில் தப்பியது. குளித்துத் திரும்புகையில், மேகம் விலகி மலை பளிச்சென்று தெரிந்த நேரத்தில், ரோட்டை விட்டு வயல்காட்டுப் பாதையில் இறங்கினீர்கள். நான் சொன்னதும் நின்றீர்கள். மலையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

"போகும்போது தெரிஞ்ச ரோடு, திரும்பும்போது வேற ரோடா இருக்கு" என்றீர்கள். பிறகு மெதுவாக, "ஒங்க அண்ணன்கிட்ட சொல்லிராத. பொறவு வாசலைத் தாண்ட விடமாட்டாவ."

நான் சொல்லவில்லை. அதன்பின் உங்கள் தோளை ஒட்டியே நடந்தேன். திருப்பம் வந்தால் என் முழங்கை உங்கள்மேல் லேசாகப் படும். நீங்களாகவே திரும்பியதுபோலத் திரும்புவீர்கள். இரண்டு சாரல் இப்படியே போயிற்று.

அடுத்த ஆடியில் நான் காய்ச்சலில் கிடந்த ஒரு நாள், தனியாகக் கிளம்பிப் போய்விட்டீர்கள். உச்சிப்பொழுது கழிந்தும் வரவில்லை. வெயில் சாய்ந்தபோது அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். போர்வையோடு நானும் பின்னால் போனேன். ரோட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி, நெசவாளர் தெரு ஒன்றில், ஒரு முஸ்லிம் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தீர்கள். ஈரச் சேலை உடம்பிலேயே காய்ந்திருந்தது. கையில் காப்பி டம்ளர்.

"இதே தெருவை நாலஞ்சு வாட்டி சுத்திட்டாவ. யார்கிட்டயும் கேக்கலை. நான்தான் கையைப் பிடிச்சு உக்கார வச்சேன்" என்றாள் அந்த வீட்டுப் பெண்.

அன்றோடு குற்றாலம் கிடையாது என்றார் அண்ணன். அன்றோடு என்னிடம் பேசுவதை நீங்களும் நிறுத்தினீர்கள். சோறு போடும்போதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு மாதம், மைனி.

ஆவணியில், சாரல் ஓயப்போகும் ஒரு காலையில், நீங்களே வந்து என் விரலைப் பிடித்தீர்கள். "நீ கூட்டிட்டுப் போ." அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வந்தீர்கள். பிறந்த ஊரான வீரகேரளம்புதூரில் நடப்பதாக உங்களுக்கு நினைப்பு. இது கொல்லன் பட்டறை, இங்கன கிணறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். ஒரு முக்கில்கூடத் தடுமாறவில்லை. "எங்க சித்தி வீட்டு நிலை தாழ்வா இருக்கும், குனிஞ்சு வா" என்றீர்கள். வெட்டவெளிச் சாரலில் நானும் குனிந்து வந்தேன். நான் பார்த்தே இராத அந்த ஊரின் தெருவெல்லாம் இன்று எனக்குத் தெரியும். உங்கள் கடைசிச் சாரல்வரை அப்படித்தான் அருவிக்குப் போய்வந்தோம்.

இரண்டு சாரல் நான் மறைத்தது சரியா, பிறகு சொன்னது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தக் கேள்வி என்னோடுதான் இருக்கிறது.

முந்தாநாள் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது, முப்பது வருஷமாக நடக்கும் நம் தெரு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. கோயிலின் மொட்டைக் கோபுரம் கண்முன்னால்தான் நின்றது. பூக்காரியிடம் கேட்டேன். வீட்டுக்கு வந்து, கையிலிருந்த பையைக் கீழே வைக்கும் முன்பே உங்கள் மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் பையை வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"நாளைக்கு நாம எங்கன போணும் அத்தை?"