அம்மாவின் தசைநாணும் என் அவசரமும்

அன்பு மகளுக்கு,

உன் அம்மாவின் இடது காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் நலம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று மூன்று முறை கேட்டுவிட்டாய், போனில் சொன்னால் பாதியிலேயே எனக்குக் கோபம் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

டிப்போ படியில் அம்மா வழுக்கி விழுந்து ஒன்பது மாதம் ஆகிறது. தொடையின் பின்தசை இடுப்பெலும்போடு சேரும் இடத்தில் தசைநாண் பாதி கிழிந்திருப்பது உனக்குத் தெரியும். உட்கார்ந்தாலே வலி என்றால் பஸ் ஓட்டுகிறவள் என்ன செய்வாள். ஸ்பாஞ்சில் அந்த இடத்துக்கு மட்டும் குழி வெட்டி சீட்டில் போட்டு இரண்டு மாதம் ஓட்டினாள், ஒரு பயணிக்கும் தெரியாது. பிறகு முடியாமல் டிக்கெட் கவுன்டரில் நிற்கிறாள். இன்னும் ஏழு மாதத்தில் ஸ்டியரிங் பிடிக்காவிட்டால் நிரந்தரமாகக் கவுன்டர்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். என் ஆபீசில் எனக்கு வர வேண்டிய பதவியை ஜூனியருக்குத் தூக்கிக் கொடுத்தார்களே, அந்த ரகத்து ஆள்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. கல்லூரியில் தடை ஓட்டம் ஓடியவன் என்ற திமிரில், ஆறு மாதமாகத் தினமும் மாலையில் அவள் காலைச் சுவரில் தூக்கி வைத்து, முப்பது எண்ணும்வரை இழுத்துப் பிடித்து விடுவதை அரை மணி நேரம் செய்தேன். போன மாதம் பிசியோதெரபிக்குப் போனோம். அங்கே பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், இழுக்க இழுக்க அந்த நாண் எலும்பில் அழுந்தும் சார், ஆறு மாசமா புண்ணை நசுக்கியிருக்கீங்க என்றாள். அவளோடு சண்டை போட்டுவிட்டு வந்து, வலித்ததா என்று அம்மாவைக் கேட்டேன். வலிச்சுது, ஆனா அந்த அரை மணி நேரம்தான் நீங்க யாரையும் திட்டாம இருந்தீங்க என்றாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மறுநாளே அம்மாவைக் கேட்காமல் போய் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினேன். இப்போது செய்தால் குணமாக ஆறு மாதம், கணக்கு சரியாக வரும், என் தப்பும் அதோடு முடியும் என்று நினைத்தேன். அவள் சர்ஜனிடம் வந்து நிதானமாகக் கேட்டாள், பண்ணினா கண்டிப்பா உட்கார முடியுமா டாக்டர், பண்ணாட்டி மிச்சமும் கிழியுமா என்று. பக்கத்தில் நரம்பு இருக்கிறது, உறுதி சொல்ல முடியாது, கிழிசல் பாதிதான் என்பதால் முறையான பயிற்சியிலேயே சரியாகவும் வாய்ப்புண்டு என்றார் அவர். வெளியே வந்து லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது சொன்னாள், சரியான வைத்தியத்தை நாம இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, மூணு மாசம் பார்க்கிறேன், ஆகலேன்னா அப்புறம் கத்தி வைக்கட்டும். அப்போது செய்தால் ஸ்டியரிங் போய்விடுமே என்றேன். தெரியும், போனா போகட்டும், என் கால்தானே என்றாள்.

ஒரு மின்விசிறி மாற்றவே கமிட்டி போடுகிறவர்களோடு இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டேன் பாப்பா. இழக்கப்போவது இன்னதென்று தெரிந்து, குரல் உயர்த்தாமல் இப்படி முடிவெடுத்த ஆளை அங்கே ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. பயிற்சியைத் தொடங்கிவிட்டாள், மல்லாந்து படுத்து இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குகிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றையும் குறைக்காமல் செய்கிறாள். எண்ணிக்கை மட்டும் என் வேலை, கை வைக்கக் கூடாதாம்.

நேற்று ஆபரேஷன் தேதியை ரத்து செய்ய ஆஸ்பத்திரிக்குப் போனேன். படிவத்தில் காரணம் எழுத ஓர் இடம் இருந்தது. நோயாளியைக் கேட்காமல் கணவர் அவசரப்பட்டுவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படிவம் வாங்கும் பெண்மணி படித்துவிட்டு, சொந்தக் காரணம்னு போட்டா போதும் சார், இதையெல்லாம் யாரும் எழுத மாட்டாங்க என்று வேறு படிவம் நீட்டினார். இதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ நூறு வயது குறையில்லாமல் இருக்க வேண்டும், அம்மாவின் திடம் உனக்கு வரட்டும், என் வாய் வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ஆபரேஷன் செய்துகொள் என்று மட்டும் அவளை நெருக்காதே.

உன் நலமே நினைக்கும்
அப்பா