எல்லா சிலிண்டரும் ஒரே நிறத்தில்

என் உயிரான மீனா அக்காவுக்கு,

நீ போன பிறகு மட்டாஞ்சேரியில் இது முதல் மழை. கொச்சங்காடியில் நாம் இருவரும் வேலை பார்த்த பட்டறை நடந்துகொண்டுதான் இருக்கிறது. நீ பொறுப்பாக இருந்த உலையைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பழைய கேஸ் சிலிண்டர்களைக் காலி செய்து, வால்வைக் கழற்றி, உலையில் வைத்துப் பெயிண்டை எரித்த பிறகுதானே சோதிப்போம்? தீ ஒரே பக்கத்திலிருந்து வந்ததால் முன்வரிசை பழுக்கக் காய்ந்துவிடும். பின்வரிசையில் பெயிண்ட் அப்படியே ஒட்டிக்கிடக்கும். ஒருநாள் நீ வேலையையே நிறுத்திவிட்டாய்.

"கொஞ்சம் பெயிண்ட் இருந்தா என்ன? மேல புதுசு அடிச்சா மதி, அது போதும்" என்றார் முதலாளி.

"ரொம்பச் சுட்டா இரும்போட பலம் போயிடும். சுடாம விட்டா விரிசல் இருந்தாலும் தெரியாது. யாரோட அடுக்களைக்கோ போற சாமான் முதலாளி இது."

அவர் கையை உதறிவிட்டுப் போனார். அன்றே உன் கண்ணில் மஞ்சள் ஏறியிருந்ததை எங்களில் யார் கவனித்தோம்?

ஆஸ்பத்திரியிலும் உனக்கு அதே நினைப்பு. "தீ நேரா மேல படக்கூடாதுடி. சூட்டுக் காத்து சுத்தி வரணும்." நீ என்னிடம் தெளிவாகப் பேசியது அதுதான் கடைசி.

உன் காரியம் முடிந்ததும் முதலாளியே வீட்டுக்கு வந்தார். "அவ சொன்னபடியே செய்யலாம்" என்றார். நம் பட்டறைப் பையன் அன்வரும் நானும் பெரிய பர்னரை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் சின்னச் சின்னதாக வைத்தோம். தீக்கு முன்னால் தடுப்புத் தகடு, சூட்டைச் சுழற்ற ஒரு ஃபேன், சிலிண்டர்களுக்கு நடுவே இடைவெளி. அப்படியும் பின்மூலை சூடேறவில்லை. தகட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்து அலுத்துப்போன பிறகுதான் சரியான இடம் கிடைத்தது.

போன செவ்வாய்க்கிழமை உலைக் கதவைத் திறந்தோம், அக்கா. முன்வரிசை, பின்வரிசை, மூலை, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஒரு திட்டுகூட இல்லை. தீயை இப்படிச் சமமாகப் பரிமாற முடியுமா?

ஆறியதும் பின்மூலைச் சிலிண்டர் ஒன்றை அன்வர் தேய்த்தான். "சேச்சி, இங்க வந்து நோக்குங்க!"

அடி வளையத்தின் ஓரத்தில் தலைமுடி போல ஒரு விரிசல். பழைய உலையாக இருந்திருந்தால் அது பெயிண்டுக்குள் ஒளிந்தே வெளியே போயிருக்கும். அதன் பக்கத்தில் நின்று யாரோ சாயா போட்டிருப்பார்கள். முதலாளி குனிந்து அந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மீனா பிடிச்சுட்டா."

அந்தச் சிலிண்டர் போயிருக்கக்கூடிய வீட்டுக்காரர்களுக்கு உன் பெயர் ஒருநாளும் தெரியப்போவதில்லை. அதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

உலைப் பொறுப்பு இப்போது என்னிடம். வேகாத ஒன்றையும், கருகிய ஒன்றையும் என் கையைத் தாண்டிப் போக விடமாட்டேன், அக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
சரசு