கல்யாணம் ஆனதால் கைநழுவிய 41-ஆம் எண் வீடு

அனுப்புநர்:
வீ. ஹரிதாஸ் (வயது 34),
போர்க்லிப்ட் ஓட்டுநர்,
சிம்பாங் அம்பாட், மலாக்கா.

பெறுநர்:
திரு. சேகரன் அவர்கள்,
மேல்முறையீட்டு அதிகாரி,
தாமான் செம்பருத்தி மலிவுவிலை வீட்டுத் திட்டம்,
டுரியான் துங்கால், மலாக்கா.

பொருள்: திருமணம் செய்துகொண்ட காரணத்தால் ரத்தான 41-ஆம் எண் வீட்டை மீண்டும் ஒதுக்கித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேல்முறையீட்டுப் பாரத்தை மலாய் மொழியில் முறைப்படி நிரப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் காரணம் எழுத இரண்டே வரி விட்டிருந்தார்கள். என் காரணம் 1981-இல் தொடங்குவதால் இக்கடிதத்தைத் தனியே எழுதுகிறேன். தாங்கள் தமிழ் படிப்பவர் என்று கவுண்டரில் சொன்னார்கள்.

1. வீட்டுக்கு விண்ணப்பித்தபோது நான் ஒண்டிக்கட்டை. என் சம்பளம் தங்கள் உச்சவரம்புக்குள் இருந்தது, வீடும் ஒதுக்கப்பட்டது. கையெழுத்திட்டுச் சாவி பெற ஜூலை 7 அன்று வரச் சொன்னீர்கள். இடையில், மே மாதம், எனக்கும் பாலர் பள்ளி ஆசிரியை புனிதாவுக்கும் பதிவுத் திருமணம் நடந்தது. ஆவணியில் கோயிலில் தாலி கட்ட வேண்டுமானால் முதலில் பதிவு செய்தாக வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே.

2. என் தந்தை வீரமுத்து, சிம்பாங் அம்பாட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அங்கே ஒண்டிக்கட்டைகளுக்கு வீடு கிடையாது. ஒரு நீளக் கொட்டகையில் பத்துப் பேர் படுப்பார்கள். கல்யாணம் நிச்சயமானவர் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு ஆரஞ்சு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாம் வைத்து, தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். கிராணி பத்திரிகையைப் படித்துவிட்டு, வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டுச் சாவியை அதே தட்டில் வைப்பார். 1981-இல் என் தந்தைக்குச் சாவி கிடைத்தது அப்படித்தான். என் தாய் கருப்பாயி பால் காய்ச்சிய முதல் நாள், பக்கத்து வீட்டு முத்தாயி அக்கா சர்க்கரை கொடுத்ததை அம்மா இன்றும் சொல்வார். இரு வீட்டுக்கும் நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரையைத் தொடாது. முத்தாயி அக்கா வீட்டு ரேடியோவிலேயே நாங்கள் பாட்டுக் கேட்டு வளர்ந்தோம். எங்கள் வீட்டில் ரேடியோ வாங்கியதே இல்லை.

3. அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. தோட்டம் விற்கப்பட்டதும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூட்டை முடிச்சோடு வெளியேறினோம். ஆனாலும், புருஷனும் பெண்சாதியுமாக நாலு கை உழைக்கும் என்பதற்காகவே அன்று வீடு கொடுத்தார்கள். இன்று அதே நாலு கை உழைக்கிறது என்பதற்காகவே வீடு இல்லை என்கிறீர்கள்.

4. ஜூலை 7 காலை நான் பெற்றோரைப் பார்க்கப் போனபோது, என் தந்தை அந்தப் பழைய பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் துலக்கி என் கையில் கொடுத்தார். பத்திரிகையோடு பதிவுச் சான்றிதழையும் வைக்கச் சொன்னார். வீடு வாங்கப் போகிறவன் குடும்பஸ்தன் என்று தெரிந்தால் மரியாதை என்றார். என்னிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை, ஐயா; நானாகத்தான் கொண்டுபோனேன். தங்கள் ஊழியர் ஆரஞ்சைப் பார்த்து லஞ்சம் என்று பயந்து தட்டைத் தள்ளினார். பிறகு சான்றிதழைப் பார்த்தார். புனிதாவின் சம்பளத்தைக் கேட்டு என் சம்பளத்தோடு கூட்டினார். உச்சவரம்பைவிட முந்நூறு வெள்ளி அதிகம். 41 என்று அட்டை கட்டிய சாவி மேசைமேல்தான் இருந்தது. அதை எடுத்து இழுப்பறையில் போட்டுவிட்டார்.

5. எங்கள் வழக்கப்படி தாலி ஏறும்வரை புனிதா தம் தாய் வீட்டில்தான் இருப்பார். நாங்கள் இருவரும் இன்னும் ஒரே உலையில் சோறு பொங்கியதில்லை. தங்கள் பாரத்தில் மட்டும் குடித்தனம் தொடங்கிவிட்டது.

6. என்னோடு வாடகை வீட்டில் இருக்கும் நால்வருக்கும் கல்யாணமாகவில்லை. இந்தக் காலத்தில் ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் நட்டம் என்பது அவர்கள் வாதம். மண்டபம், நகை, போட்டோக்காரர் என்று அடுக்குவார்கள். இப்போது என் வீட்டையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். “சர்டிபிகேட்ட காட்டாம இருந்திருந்தா சாவி கையில இருக்கும்லா, ப்ரோ” என்கிறார் அவர்களில் ஒருவரான புவனேஷ். கணக்கின்படி அவர் சொல்வது சரியே. ஆனால் எங்கள் தோட்டத்தில் கல்யாணம் லாபமா நட்டமா என்று யாரும் கேட்டதில்லை. ஏழையின் தலைக்குமேல் கூரை வந்ததே கல்யாணத்தால்தான். புனிதாவை மறைத்து வாங்கும் வீட்டில் அவரை எந்த முகத்தோடு குடிவைப்பேன்?

7. எனக்கு வலிப்பது வேறு. தம் தட்டால்தான் மகனுக்கு வீடு போயிற்று என்று என் தந்தை நினைக்கிறார். தட்டைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். உறவினர்களுக்குப் பத்திரிகை வைக்க வர மாட்டேன் என்கிறார். தாய்மாமன் வீட்டுக்குக்கூட வரவில்லை. தம் ராசி சரியில்லையாம். எழுபது வயது மனிதர் மகன் கல்யாணத்தில் ஒதுங்கி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை, ஐயா.

ஆகவே, விண்ணப்பித்த நாளில் இருந்த என் நிலையைக் கருத்தில் கொண்டு, 41-ஆம் எண் வீட்டை எங்களுக்கே மீண்டும் ஒதுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

விதி இடம் கொடாது என்றால் வேறொரு சிறு உதவி. சான்றிதழைக் கொண்டுவந்து காட்டியது தவறில்லை என்று, தங்கள் அலுவலகத் தாளில், முத்திரையிட்டு, தமிழில் ஒரே ஒரு வரி எழுதித் தாருங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதினால் நல்லது. என் தந்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

இடம்: சிம்பாங் அம்பாட்
நாள்: 04.08.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வீ. ஹரிதாஸ்

இணைப்பு:
1. ரத்துக் கடிதத்தின் நகல்.
2. திருமணப் பதிவுச் சான்றிதழின் நகல்.
3. திருமணப் பத்திரிகை. அப்பா தடவ மறுத்ததால் மூலைகளுக்கு நானே மஞ்சள் தடவினேன். ஆரஞ்சு இணைக்கவில்லை.