பத்து மணிச் சிரிப்புப் பயிற்சிக்கு நான் வரவில்லை

என்னங்க,

பத்து மணிக்கு என்னைத் தேட வேண்டாம். கண்ணாடி முன் நின்று பத்து நிமிடம் 'ஹா ஹா' சொல்ல இனி என்னால் ஆகாது. ஓடைக்கரைக்குப் போகிறேன்.

சோயா குழம்பு அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக்கொள்ளுங்கள். முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில். கதவு முழுக்க உங்கள் 'முதியோர் மனநல அட்டவணை' ஒட்டியிருப்பதால் கைப்பிடியைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"கொரோனா முடியற வரைக்கும் வாசல் தாண்டக் கூடாது" என்று நேற்று ஆணையிட்டீர்கள். முதியோர் மன்றத்தைப் பூட்டி மூன்று மாதமாகிறது. எதிர்க்கரை மால்சுன் அக்கா தனியாக இருக்கிறார். நேற்று போனில், "இன்னைக்கு என்ன கிழமைன்னே தெரியலடி, தெரிஞ்சு மட்டும் என்ன ஆகப்போகுது?" என்றார். மன்றத்தையே சிரிக்க வைத்தவர்.

அவர் அந்தக் கரை, நான் இந்தக் கரை. நடுவில் ஓடை. இருவருக்கும் மாஸ்க். கிருமி நீந்தி வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். நாளையும் போவேன். நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் போவேன்.

யோன்சு அம்மா

பி.கு.: காலையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறீர்கள். அட்டவணையில் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை போல. எனக்குக் கேட்கிறது.

இன்னொன்று: நாளைக்கு நீங்களும் வாருங்கள். அக்காவுக்குக் காது மந்தம், ஓடையைத் தாண்டிக் கத்தினால் எனக்குத் தொண்டை கட்டிவிடும். முப்பது வருஷம் பள்ளி மைதானத்தில் கத்திய உங்கள் குரல் வீட்டுக்குள் சும்மாதானே கிடக்கிறது.